பதில்: டிக்கெட்டில் எஸ்ஜிஎஃப் என்று இருக்கிறது, இது எந்த ஸ்பிரிங்ஃபீல்டு?

எஸ்ஜிஎஃப் (SGF) மிசௌரி மாநில ஸ்பிரிங்ஃபீல்டு. உங்கள் மகள் படிப்பது இல்லினாய் ஸ்பிரிங்ஃபீல்டில் என்கிறீர்கள். அதன் விமான நிலையக் குறியீடு எஸ்பிஐ (SPI). இரண்டு ஊர்களுக்கும் இடையே சாலை வழியே சுமார் 500 கிலோமீட்டர். டாக்சி பிடித்துச் சமாளிக்கும் தூரம் இல்லை.

நேற்றிரவுதான் பதிவு செய்தீர்கள், பயணமோ அடுத்த மாதம். அதனால் இப்போதே ரத்து செய்யுங்கள். அமெரிக்கா செல்லும் விமானங்களுக்கு, புறப்பட ஏழு நாளாவது இருந்தால், பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் விமான நிறுவனத்திடமே நேரடியாக வாங்கியிருக்க வேண்டும். ஏஜென்ட் மூலம் என்றால் அவர்கள் விதிதான், உடனே போன் போடுங்கள்.

மறுபடி போடும்போது எஸ்பிஐ-தான் வேண்டும் என்றில்லை. அது சிறிய நிலையம், விமானங்கள் குறைவு. சிகாகோ ஓஹேரில் இறங்கி, ஊருக்குள் யூனியன் ஸ்டேஷன் போய் ஆம்ட்ராக் ரயில் பிடித்தால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். செயின்ட் லூயிஸில் இறங்கினால் காரில் 160 கிலோமீட்டர்தான். பெட்டிகளோடு வரும் பெரியவர்களுக்கு இதுவே சுலபம். ரயில் டிக்கெட்டிலும் கவனம்: எஸ்பிஜி (SPG) என்றால் மாசசூசெட்ஸ் ஸ்பிரிங்ஃபீல்டு!

ஹோட்டலையும் இன்றே சரிபாருங்கள். ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், ஜிப் கோடை, அதாவது அஞ்சல் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். இல்லினாய் ஸ்பிரிங்ஃபீல்டு என்றால் 627-இல் தொடங்கும். 658 என்றால் மிசௌரி ஸ்பிரிங்ஃபீல்டு, 011 மாசசூசெட்ஸ் ஸ்பிரிங்ஃபீல்டு, 455 ஒஹாயோ ஸ்பிரிங்ஃபீல்டு.