வாசகர் கேள்வி – பதில்: ஒரே குழாயில் எண்ணெயும் தண்ணீரும்

கேள்வி: ஐயா, கடை ஜெனரேட்டருக்காக வைத்திருந்த டீசல் டிரம்மில் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. தெளிவான பிளாஸ்டிக் குழாயைப் போட்டு அடியிலிருந்து மெல்ல இறக்கியபோது, தண்ணீர் கீழும் டீசல் மேலுமாகத் தனித்தனியே ஓடி வந்தன. அவசரத்துக்குக் கைப்பம்பு வைத்து இறைத்ததும், அதே குழாயில் எல்லாம் மோர் போல வெளுத்து வந்தது. ஒன்றோடொன்று கலக்காத திரவங்கள் எப்படிக் கலந்தன? அந்த டீசலை இனிப் பயன்படுத்தலாமா?
– வாசகர், மோல்மேன்

பதில்: தாங்கள் கண்டது கலப்பு அன்று, உடைவு. வெளுத்து வந்த டீசலுக்குள் தண்ணீர் மிக நுண்ணிய துளிகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு துளியின் விளிம்பிலும் ஒளி திசை திரும்பிச் சிதறுவதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. இதைப் பால்மம் என்பார்கள்.

மெதுவாக ஓடும்போது புவியீர்ப்பின் கை ஓங்கியிருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. டீசல் ஏறத்தாழ 830 முதல் 850 கிராம்தான். ஆகவே தண்ணீர் அடியில் தங்குகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள பரப்பு இழுவிசையும் அந்த எல்லையைச் சிறியதாகவும் வழவழப்பாகவும் வைத்திருக்கவே முயல்கிறது. வேகம் கூடி, ஓர் அடுக்கு மற்றதைவிட விரைவாக நழுவத் தொடங்கினால் எல்லையில் சிற்றலைகள் எழுகின்றன. வேக வேறுபாடு அலையைத் தூக்குகிறது. எடை வேறுபாடும் இழுவிசையும் அதை அமுக்குகின்றன. இந்தப் போட்டியை 1868-இல் ஹெல்ம்ஹோல்ட்சும் 1871-இல் கெல்வினும் கணக்கிட்டுக் காட்டினார்கள். தூக்கும் பக்கம் வென்றுவிட்டால் அலையின் முகடு இழுபட்டு நூலாகிறது. தன் சுற்றளவைவிட நீண்டுவிட்ட திரவ நூல் நிலைத்து நிற்காது; இழுவிசையே அதை நெரித்துத் துளிகளாக்கிவிடும். அதுவரை எல்லையைக் காத்து நின்ற இழுவிசைதான் இந்த வேலையையும் செய்கிறது என்பது எனக்கு எப்போதுமே வியப்பூட்டும் செய்தி. கைப்பம்பின் வால்வு இடுக்கில் திரவம் நெருக்கிப் பிழியப்படுவதால், அந்தத் துளிகள் மேலும் மேலும் உடைந்து பொடியாகின்றன.

அடுத்த முறை வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள். முதலில் தட்டையான எல்லை, பிறகு அலை, பிறகு எல்லையை ஒட்டி முத்து முத்தாகத் துளிகள், கடைசியில் குழாய் முழுவதும் வெண்மை என்று ஒவ்வொரு நிலையையும் கண்ணாலேயே காணலாம். தண்ணீரின் பங்கு மிகுதியாக இருந்தால் நிலைமை தலைகீழாகி, டீசல் துளிகள் தண்ணீருக்குள் மிதக்கும்.

இனி டீசலைப் பற்றி. பயன்படுத்தலாம், ஆனால் பொறுக்க வேண்டும். துளி அடியில் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமைகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள தண்ணீர்த் துளி, 80 செ.மீ. ஆழமுள்ள டீசலில் முக்கால் மணி நேரத்தில் அடியைத் தொட்டுவிடும். அதில் பத்தில் ஒரு பங்கே விட்டமுள்ள துளிக்கு நூறு மடங்கு நேரம், அதாவது மூன்று நாளுக்கும் மேல், தேவைப்படும். அழுக்கோ சோப்புத்தன்மையுள்ள பொருளோ துளிகளைப் போர்த்தியிருந்தால் அவை ஒன்றுசேரத் தயங்கும், இன்னும் தாமதமாகும். எனவே டிரம்மின் ஒரு பக்கத்துக்கு அடியில் கட்டை கொடுத்துச் சாய்த்து, நான்கைந்து நாள் அசைக்காமல் விடுங்கள். தாழ்ந்த ஓரத்தில் சேர்ந்த தண்ணீரைப் பம்பு இல்லாமல் மெல்ல இறக்குங்கள். அதன் பிறகும், நீர் பிரிக்கும் வடிகட்டி வழியாக மட்டுமே இயந்திரத்துக்கு விடுங்கள். தண்ணீர் போனால், டீசலை இயந்திரத்துக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர் கெட்டுவிடும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் நான்கு நாள் காத்திருப்பது பெரிதல்ல.

மூடி இறுக்கமாக இருந்தும் தண்ணீர் எப்படி இறங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிமிர்த்தி வைத்த டிரம்மின் மேல்தட்டில் மழைநீர் தேங்குகிறது. பகல் வெயிலில் சூடேறி இரவில் குளிரும்போது, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அந்த நீரை மூடியின் இடுக்கு வழியே உறிஞ்சிக்கொள்கிறது. டிரம்மைக் கிடைமட்டமாகப் படுக்க வைத்து, மேல்தட்டிலுள்ள இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில், டீசலுக்குள் மூழ்கியிருக்கும்படி திருப்பி வைத்தால் இது நேராது.

கேள்வி: ஐயா, கடலோரத்தில் ஆற்றின் கலங்கல் நீரும் கடல் நீரும் கோடு கிழித்தாற்போலப் பிரிந்து நிற்கின்றனவே, அதுவும் இதே காரணத்தால்தானா?
– வாசகி, தாட்டோன்

பதில்: இல்லை. இரண்டும் தண்ணீரே, அவற்றிடையே எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் உள்ளதுபோன்ற பரப்பு இழுவிசை கிடையாது. ஆற்று நீர் எடை குறைந்தது என்பதால் கடல் நீரின்மேல் ஏறிப் பரவுகிறது. அதன் விளிம்புதான் கோடாகத் தெரிகிறது. சற்றுத் தள்ளிப் போனால் இரண்டும் முழுவதுமாகக் கலந்துவிடும்.

கேள்வி: ஐயா, என் தாத்தா சிரியம் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தவர். பர்மாவின் யெனாஞ்சாவ் கிணறுகளில் எடுக்கும் எண்ணெய் குளிரில் உறைந்துவிடும் என்பார். கெட்டியான எண்ணெயைக் குழாயில் அனுப்பக் கூடவே தண்ணீர் விடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– வாசகர், தன்லின்

பதில்: தாத்தா சொன்னது சரி. யெனாஞ்சாவ் எண்ணெயில் மெழுகு மிகுதி. 1850-களிலேயே அதைக் கப்பலில் கொண்டுபோய் இங்கிலாந்தில் மெழுகுவத்தி செய்தார்கள். ஆனால் மெழுகால் உறைவது வெப்பநிலையைச் சார்ந்தது. அதற்கு மருந்து சூடுதான். தண்ணீர் விடும் முறை, தார் போலத் தடித்த எண்ணெய்களுக்கு உரியது.

அந்த முறைக்கு 1904-இலேயே அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இரண்டு திரவங்கள் சேர்ந்து ஓடும்போது, பாகுத்தன்மை (ஓட மறுக்கும் தடிப்பு) குறைந்தது உராய்வு மிகுந்த இடத்துக்கு, அதாவது குழாயின் சுவரோரத்துக்கு, நகர முனைகிறது. ஆகவே தண்ணீர் மெல்லிய வளையமாகச் சுவரை ஒட்டி ஓட, நடுவில் எண்ணெய் தண்டு போல வழுக்கிச் செல்கிறது. பம்புக்குத் தண்ணீரைத் தள்ளும் அளவு சிரமமே மிஞ்சுகிறது. கலிபோர்னியாவில் ஷெல் நிறுவனம் ஆறு அங்குல விட்டமும் சுமார் 38 கி.மீ. நீளமும் கொண்ட குழாயில் 1970-இலிருந்து பத்தாண்டுக்கும் மேலாக இப்படி எண்ணெய் அனுப்பியது.

இதில் வேகத்தை இரு பக்கமும் காக்க வேண்டியிருக்கிறது. மிகுந்தால், மோல்மேன் வாசகர் கண்டதுபோல எல்லாம் பால்மமாகிவிடும். தண்ணீர் துளிகளாக எண்ணெய்க்குள் புகுந்துவிட்டால் பாகுத்தன்மை முன்னிருந்ததையும் விஞ்சிவிடும். குறைந்தால் எண்ணெய் மேலெழுந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் குழாயின் தாழ்ந்த பகுதிகளில் தேங்கி, இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். இடையில் பம்பு நின்றுவிட்டால், ஒட்டிய எண்ணெயைத் தண்ணீர் விட்டுக் கழுவி நீக்கிய பிறகே மீண்டும் ஓட்டத்தைத் தொடங்க முடியும்.