உறுப்பினர்கள் பகிரும் இணைப்புகளைத் தானாகவே கமிஷன் இணைப்புகளாக மாற்றினால் நம்பிக்கை குறையுமா?

குறையும். உங்கள் மீதான நம்பிக்கை பிறகுதான் குறையும். முதலில் குறைவது உங்கள் குழுவில் கைவலிக்க எழுதுகிறவர்கள் மீதான நம்பிக்கை. அந்த இடத்தில் நின்றவள் என்பதால் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

மாடித்தோட்டக் குழு ஒன்றை நடத்துவதாகவும், விதை, உரம், குரோ பேக் என்று உறுப்பினர்கள் பகிரும் கடை இணைப்புகளை அஃபிலியேட் இணைப்புகளாக (அந்த வழியாக யாராவது வாங்கினால் கடை கமிஷன் தரும் இணைப்புகளாக) மாற்றும் வசதியைச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சர்வர் வாடகை ஏறிக்கொண்டே போகிறது, கைக்காசு போட்டு நடத்துகிறீர்கள், "இதனால் நமக்கு என்ன வருகிறது" என்று வீட்டில் கேட்கிறார்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் நிலைமை இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏமாற்றும் எண்ணம் இருந்தால் கேட்காமலே செய்திருப்பீர்கள். எனவே நான் கோபமாக எழுதும் எதுவும் உங்களை நோக்கியது அல்ல.

நான் ஈரோட்டில் தையல் வகுப்பு நடத்துகிறேன். பெண்கள் அதிகம் இருக்கும் ஓர் இணையக் குழுவில் பல ஆண்டுகளாகத் தையல் சந்தேகங்களுக்குப் பதில் எழுதி வந்தேன். குழுவின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு நாள் ஒரு பெண், "பட்டுப் பிளவுஸ் தைக்கும்போது தையல் விட்டுவிட்டு விழுகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு மெஷின் தேய்ந்துவிட்டது என்கிறார். விற்றுவிடலாமா அக்கா?" என்று கேட்டிருந்தார். ஊசியைப் படம் எடுத்துப் போடச் சொன்னேன். படத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. வீட்டு மெஷினுக்குப் போடும் எச்ஏ எக்ஸ் 1 ஊசியின் தலைப்பகுதி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். கார்மெண்ட்ஸில் ஓடும் பவர் மெஷினுக்கான டிபி எக்ஸ் 1 ஊசிக்குத் தலைப்பகுதி முழுவதும் உருண்டை. அவர் மெஷினில் இருந்தது உருண்டைத் தலை ஊசி. பக்கத்தில் கார்மெண்ட்ஸ் இருக்கும் ஊர்களில் பேன்ஸி ஸ்டோரில் கிடைப்பது அதுதான். கடைக்காரருக்கு எல்லாம் ஒரே ஊசி.

விளக்கமாகப் பதில் எழுதினேன். பட்டுக்கு 11 நம்பர், சாதாரணக் காட்டனுக்கு 14, ஜீன்ஸ் மாதிரி தடித்த துணிக்கு 16 அல்லது 18. உறையின் மீது எந்த எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் ஊரில் சரியான ஊசி கிடைக்காது என்றதால் ஓர் இணையக் கடையின் இணைப்பையும் கொடுத்தேன். ஊசி வந்தது, தையல் சரியாக விழுந்தது. மெஷினை விற்கவில்லை. அந்தப் பதிலைக் குழுவில் பலர் எடுத்துப் பகிர்ந்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு அதே பதிலின் கீழே வேறொரு பெண் எழுதினார்: "அக்கா, இந்த ஊசியை எல்லாரையும் வாங்கச் சொல்கிறீர்களே, உங்களுக்கு எவ்வளவு கமிஷன் கிடைக்கும்?"

திகைத்துப் போனேன். நான் யாரிடமும் ஒரு பைசா வாங்குவதில்லை என்று பதில் எழுதினேன். அவர் உடனே ஒரு படத்தைப் போட்டார். இணைப்பைத் தொட்டுக் கடைக்குள் போனதும் மேலே தெரியும் முகவரி. அதன் வாலில் ஓர் அடையாளக் குறியீடு. தெரிந்த பையன் ஒருவனிடம் காட்டியபோது, "இது கமிஷன் லிங்க், இதைப் போட்டவருக்குக் காசு போகும்" என்று சொல்லியிருக்கிறான். என் பதிவைத் திருத்தும் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான் இட்ட முகவரி அப்படியே சுத்தமாக இருந்தது. வெளியே வந்து அதே இணைப்பைத் தொட்டால் வாலோடு போகிறது. நான் சொல்வது உண்மை, ஆனால் சாட்சி எனக்கு எதிராக இருக்கிறது. "எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்" என்று ஒருவர் எழுதினார். என்ன பதில் சொல்வது?

நிர்வாகியிடம் கேட்டேன். தம்பி வயதுதான், மரியாதையான பிள்ளை. "அக்கா, அது தானாக நடப்பது. வாங்குகிறவர்களுக்கு ஒரு ரூபாய்கூட விலை ஏறாது. விதிமுறைகளில் போட்டிருக்கிறோமே" என்றார். விதிமுறைகள் நீளமான ஆங்கிலப் பக்கம். "மூன்றாம் தரப்புக் கூட்டாளிகள்" என்ற அளவில் நடுவில் ஒரு வரி. தையல் கற்க வந்த பெண்கள் அதைப் படித்துச் சம்மதித்தார்கள் என்று எப்படிச் சொல்வது? இணைப்புக்குப் பக்கத்தில் "இதனால் வரும் கமிஷன் குழுவுக்குச் சேரும்" என்று தமிழில் ஒரு வரி போடுங்கள் என்று கேட்டேன். போட்டால் தொடுகிறவர்கள் குறைந்துவிடுவார்கள் என்று மறுத்துவிட்டார். எனக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. சொன்னால் தொடமாட்டார்கள் என்று தெரிந்தே சொல்லாமல் இருக்கிறார்கள்.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பக்கத்தோடு ஒரு சிறு நிரல் ஏறிக்கொள்கிறது. நாம் இணைப்பைத் தொடும் நொடியில் அது நம்மை ஓர் இடைத்தரகு நிறுவனத்தின் முகவரி வழியாகக் கடைக்கு அனுப்புகிறது. ஸ்கிம்லிங்க்ஸ், விக்லிங்க் (இப்போது சோவ்ரன்) போன்றவை இந்தத் தொழிலில் பேர்போனவை. கடை தரும் கமிஷனில் தரகர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தளத்துக்குத் தருகிறார். அமேசான் போன்ற கடையில் கணக்கு 24 மணி நேரம் ஓடும். ஊசியைப் பார்க்கப் போனவர் அந்த நேரத்துக்குள் மிக்ஸி வாங்கினாலும் கமிஷன் உண்டு. கைப்பேசியில் படிப்பவருக்கு இந்த வழிமாற்றம் கண்ணில் படவே படாது.

பெரிய தளங்களும் இதில் மாட்டியிருக்கின்றன. லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளம் 2010-இல் இப்படி ஒரு நிரலைப் போட்டபோது, உறுப்பினர்கள் தாங்களே வைத்திருந்த கமிஷன் குறியீடுகளைக்கூட அது மாற்றிவிட்டது என்று புகார் எழுந்து, கடைசியில் நிறுத்தினார்கள். படங்கள் பகிரும் தளமான பின்டரெஸ்ட் பயனர்களிடம் சொல்லாமல் ஸ்கிம்லிங்க்ஸைப் பயன்படுத்தியது 2012 தொடக்கத்தில் வெளியே வந்து பெரிய பேச்சானது. விவாதத் தளமான ரெடிட் 2016-இல் விக்லிங்க்கைக் கொண்டுவந்தபோது முன்கூட்டியே அறிவித்து, வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ள வழியும் வைத்தது. அங்கேயும் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஆனால் சொல்லிச் செய்ததால், எழுதிய உறுப்பினரைப் பார்த்து "நீ காசு வாங்கினாயா" என்று யாரும் கேட்க இடமில்லை. எனக்கு அந்த வித்தியாசம் பெரியது.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் கொண்டுவந்த வழிகாட்டுதல்கள், பொருளைப் பரிந்துரைக்கிறவருக்கும் விற்கிறவருக்கும் பணத் தொடர்பு இருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. என் விஷயத்தில் பரிந்துரைத்தது நான், பணத் தொடர்பு தளத்துக்கு. சொல்ல வேண்டியதை என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் எனக்கே தெரியாது. தெரிந்தவர் சொல்லவில்லை.

"வாங்குகிறவருக்கு நஷ்டமில்லை, தளமும் பிழைக்க வேண்டாமா, இதற்கு ஏன் இவ்வளவு கூச்சல்?" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: கமிஷன் வாங்குவது குற்றம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. தையல்காரர்களுக்கு லைனிங் துணிக்கடையில் விலை குறைத்துத் தருவது ஊரறிந்த வழக்கம். எனக்கும் தருகிறார்கள். வகுப்பில் சேரும் ஒவ்வொரு பெண்ணிடமும் முதலிலேயே சொல்லிவிடுவேன்: "இந்தக் கடையில் எனக்கு விலை குறைவு. நீங்கள் அங்கேதான் வாங்க வேண்டும் என்று இல்லை." சொன்னதால் யாரும் என்னைத் தப்பாக நினைத்ததில்லை, பாதிப் பேர் அங்கேயே வாங்குகிறார்கள்.

கமிஷன் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். இல்லாத கமிஷனுக்காக என்னைக் குறுக்கு விசாரணை செய்தவர்களைப் போன்றவர்களே, ஒரு லைனிங் பிளவுஸுக்குத் தையல் கூலி சொன்னால் "ஒரு மணி நேர வேலைதானே" என்கிறார்கள். அளவு எடுத்து, லைனிங்கை நனைத்துக் காயவைத்து, வெட்டி, கப் வைத்து, பைப்பிங் கொடுத்து, கொக்கி கட்டி, அயர்ன் செய்து கொடுக்கிற வேலை அது. கண் போகிறது, இடுப்பு போகிறது. வீட்டுக்கு வரும் சாப்பாட்டின் டெலிவரிக் கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுக்கிறவர்கள், தையல்காரியிடம் இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி வாசலில் நிற்கிறார்கள். இலவசமாகச் சொல்லிக்கொடுத்தால் இதில் என்ன ஆதாயம் என்று சந்தேகம். கூலி கேட்டால் பேராசை என்று பேச்சு. எப்படித்தான் நடந்துகொள்வது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் இணைப்பு கொடுப்பதையே நிறுத்திவிட்டேன். ஊசியின் எழுத்தையும் நம்பரையும் எழுதி, கடையில் காட்டிக் கேளுங்கள் என்பதோடு சரி. இதனால் கஷ்டப்பட்டது கடை இல்லாத ஊரில் இருக்கும் பெண்கள்தான். சிலர் மறுபடியும் தவறான ஊசி வாங்கினார்கள். தளத்துக்கும் வரவு போயிற்று. என்னைப் போலப் பதில் எழுதிக்கொண்டிருந்த இன்னும் சிலரும் ஒதுங்கிவிட்டார்கள். உங்கள் குழுவில் எந்த மண்ணுக்கு எந்த விதை என்று பொறுமையாக எழுதும் நாலைந்து பேர் கட்டாயம் இருப்பார்கள். குழுவே அவர்களால்தான் ஓடுகிறது. அவர்களிடம் முதலில் தனியாகப் பேசுங்கள்.

பிறகும் செய்யத்தான் வேண்டும் என்றால், தொடங்குவதற்கு முன்பே தமிழில் அறிவியுங்கள், அறிவிப்பைக் குழுவின் மேற்பகுதியில் நிரந்தரமாக வையுங்கள். மாற்றப்பட்ட ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் பணம் குழுவுக்குப் போகிறது, எழுதியவருக்கு இல்லை என்பது தெரிய வேண்டும். எழுதியவர் வேண்டாம் என்றால் அவருடைய இணைப்பை விட்டுவிடுங்கள். ஸ்கிம்லிங்க்ஸ் போன்றவற்றில் குறிப்பிட்ட இணைப்புகளை விலக்கி வைக்க வழி உண்டு, தொழில்நுட்பம் இடம் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. யாராவது தன் சொந்தக் குறியீட்டோடு இணைப்புப் போட்டிருந்தால் அதை மாற்றாதீர்கள், அது அவர் வருமானம். மாதம் எவ்வளவு வந்தது, சர்வருக்கு எவ்வளவு போனது என்று கணக்கையும் போடுங்கள். இதெல்லாம் அதிக வேலை என்று தோன்றினால் நேராக நன்கொடை கேளுங்கள். நான் அந்தக் குழுவுக்கே கொடுத்திருப்பேன், யாரும் கேட்கவில்லை.

பழைய பதிவுகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். என் ஊசிப் பதிலில் எழுந்த சந்தேகம் அதோடு நிற்கவில்லை. பல வருடங்களுக்கு முன்பு கத்தரிக்கோலுக்கும் பாபின் கேஸுக்கும் நான் எழுதியவற்றைத் தேடிப் போய் அங்கேயும் கேட்டார்கள். நான் இருந்தேன், பதில் சொன்னேன். உங்கள் குழுவில் முன்பு எழுதியவர்களில் பலர் இப்போது வருவதே இல்லாமல் இருக்கலாம், சிலர் உயிரோடே இல்லாமல் இருக்கலாம். அவர்களிடம் சம்மதம் கேட்க உங்களுக்கு வழியில்லை, அவர்கள் மீது பழி வந்தால் மறுத்துச் சொல்லவும் அவர்கள் வரமாட்டார்கள்.