22 மாணவிகள், ஒரு வார்டு, ஒரே ஒரு டியூட்டர்

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு எட்டு மாதமாக ஒரு தனியார் கல்லூரியில் டியூட்டராக இருக்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவிகள் 22 பேரை அரசு மருத்துவமனையின் மெடிக்கல் வார்டுக்குத் தினமும் அழைத்துப் போகிறேன். காலை 8 முதல் 12 வரை போஸ்டிங். உருப்படியாக எதையும் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. பாதிப் பேரை வார்டில் எடுபிடி வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். கேர் பிளான் (ஒரு நோயாளியை எப்படிக் கவனிப்பது என்று மாணவி எழுதும் திட்டம்) எல்லாம் சீனியர் நோட்டிலிருந்தோ, போனில் ஏஐயிடம் கேட்டோ எழுதியவை. முக்கால்வாசிப் பேர் தமிழ்வழியில் படித்தவர்கள். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். போன வாரம் ஒரு பெண் டிரஸ்ஸிங் பார்க்கும்போது மயங்கி விழுந்துவிட்டாள். தனி ஆளாக நான் என்ன செய்ய முடியும்?

பதில்: முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு மணி நேரம் என்றால் 240 நிமிடம். அட்டெண்டன்ஸ், இன்சார்ஜ் சிஸ்டரிடம் பேசுவது, டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் ஒதுங்கி நிற்பது என்று 40 நிமிடம் போய்விடும். மிச்சம் 200. அதை 22 பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு 9 நிமிடம். 9 நிமிடத்தில் ஒரு பெண்ணைக் கட்டிலருகே நிறுத்தி, அவள் செய்வதைப் பார்த்து, திருத்தி, மறுபடி செய்யச் சொல்ல யாராலும் முடியாது. நான் முப்பது வருடம் இந்த வேலை பார்த்தவள்; என்னாலும் முடிந்ததில்லை. அதனால் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் முயற்சியை முதலில் விட்டுவிடுங்கள்.

ஒரு நாளைக்கு நான்கு பேர் போதும். ஆளுக்கு 35 நிமிடம், மொத்தம் 140. மீதி ஒரு மணி நேரம் மற்ற 18 பேரைச் சுற்றி வந்து பார்க்க. ஆறு நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஆறு நாளைக்கு ஒருமுறைதான் ஒருத்திக்கு உங்கள் முழுக் கவனம் கிடைக்கும் என்பது குறைவாகத் தோன்றலாம். இப்போது எத்தனை நாளைக்கு ஒருமுறை கிடைக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். யாருக்கு எந்த நாள் என்பதை முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். தன் முறை வருகிறது என்று தெரிந்தால், அந்தப் பெண் முந்தின இரவே கொஞ்சம் படித்துவிட்டு வருவாள்.

மற்ற 18 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஜோடிக்கு ஒரு நோயாளி கொடுங்கள். ஒரே நோயாளி, குறைந்தது மூன்று நாள். பத்துப் பேர் ஒரு கட்டிலைச் சூழ்ந்து நிற்கும் வழக்கம் வேண்டாம். படுத்திருக்கிற மனுஷிக்கு அது எவ்வளவு கூச்சம்! இரண்டு பேர் போய்ப் பெயரைச் சொல்லி, அனுமதி கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த அம்மாவே பாதிப் பாடம் எடுத்துவிடுவார்.

அந்த 35 நிமிடத்தில் என்ன செய்வது? 1992-ல் அமெரிக்காவில் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் சிலர், நேரமில்லாத மருத்துவமனைகளில் பாடம் நடத்த ஐந்து படி கொண்ட ஒரு முறையை எழுதினார்கள். மாணவர் தன் முடிவை முதலில் சொல்லவேண்டும், ஏன் அப்படி நினைக்கிறார் என்று கேட்கவேண்டும், ஒரு பொது விதியை மட்டும் சொல்லிக்கொடுக்கவேண்டும், சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லவேண்டும், தவறைத் திருத்தவேண்டும். டாக்டர்களுக்காக எழுதினாலும் நமக்கு அப்படியே பொருந்துகிறது. நம் வழக்கத்தில் முதல் படியே இல்லை. நாம் கேட்பது "நிமோனியாவுக்கு டெஃபனிஷன் சொல்லு" என்பது. அதற்குப் பதில், "இந்தத் தாத்தாவைப் பார்த்தாயே, இன்று மதியத்துக்குள் இவருக்கு என்ன கெடுதல் வரலாம் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். தப்பாகவே சொல்லட்டும். சொன்ன பிறகுதான் அவள் மனதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

அப்புறம், தலை குனிவது. உங்கள் மாணவிகளுக்கு விஷயம் தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான் என்பதை நீங்களோ நானோ மாற்ற முடியாது. அதுவும் 2021-ல் வந்த செமஸ்டர் பாடத்திட்டத்தில், இரண்டாம் ஆண்டில்தான் பேத்தாலஜி (நோய்க்குறியியல்), ஃபார்மகாலஜி (மருந்தியல்), அடல்ட் ஹெல்த் (பெரியவர்களுக்கான நர்சிங்) மூன்றும் ஒன்றாக வந்து விழுகின்றன. ஆனால் வார்டில் நோயாளி பேசுவது தமிழ். அங்கே தமிழில் பதில் சொல்ல விடுங்கள். "மேம், தாத்தாவுக்கு மூச்சு இரைக்குது" என்கிறாளா? நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எப்போதிலிருந்து, படுத்தால் அதிகமாகிறதா, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) எவ்வளவு என்று தமிழிலேயே கேளுங்கள். எல்லாம் வந்த பிறகு, "சரி, இதையே சிஸ்டரிடம் ஆங்கிலத்தில் மூன்று வரியில் சொல்லு" என்று சொல்லுங்கள். யார் நோயாளி, என்ன மாறியிருக்கிறது, என்ன வேண்டும்: அவ்வளவுதான் அந்த மூன்று வரி. ஒரு மாதம் தினமும் இதைச் செய்தால் வாய் திறந்துவிடும்.

மொழி விஷயத்தில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஹைப்போ என்றால் குறைவு, ஹைப்பர் என்றால் அதிகம். நம் வாயில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி விழுகின்றன. போனில் கேட்டால் வித்தியாசமே தெரியாது. "சிஸ்டர், பேஷண்டுக்கு ஹைப்போ" என்று, சுகர் குறைந்த நோயாளியைப் பற்றி ஒரு மாணவி சொன்னதை "ஹைப்பர்" என்று எடுத்துக்கொண்டு, சுகரை இன்னும் இறக்கும் இன்சுலினை ஒரு சிஸ்டர் எடுக்கப் போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, ஊசி போடும் முன் ஒருவர் தடுத்துவிட்டார். அன்றிலிருந்து என் மாணவிகளுக்கு ஒரே விதி: வார்த்தையைச் சொல்லாதே, எண்ணைச் சொல். "சுகர் 52." "பி.பி. 80க்கு 50."

இன்சுலின் பேச்சு வந்ததால் மருந்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஃபார்முலாவை எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஐ.வி. செட் (குளுக்கோஸ் பாட்டிலிலிருந்து நரம்புக்குப் போகும் குழாய்) பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. 500 மி.லி. பாட்டில் 4 மணி நேரத்தில் ஏறவேண்டும் என்றால், ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு சுமார் 42 சொட்டு. அதே பாட்டில், அதே நேரம், 60 சொட்டு விழும் மைக்ரோ செட் என்றால் 125. புத்தகக் கணக்கில் ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்பதைக் கொடுத்துவிடுவார்கள். வார்டில் யாரும் கொடுப்பதில்லை, பாக்கெட்டில் அச்சடித்திருக்கும். ஆகவே காலையில் கணக்கைப் பலகையில் எழுதாதீர்கள். காலி பாக்கெட்டையும் கேஸ் ஷீட்டையும் கையில் கொடுங்கள். சொட்டை வாட்சைப் பார்த்து எண்ணச் சொல்லுங்கள்.

இன்சுலினுக்கும் அப்படித்தான். நம் நாட்டில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட் உள்ள வயலும் (மருந்துக் குப்பி) இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 யூனிட் கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. இரண்டு காலி வயல், இரண்டு சிரிஞ்ச், தண்ணீர் இருந்தால் ஸ்கில் லேபில் (கல்லூரியின் செய்முறைப் பயிற்சி அறை) கால் மணி நேரத்தில் காட்டிவிடலாம். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பயிற்சிப் பொம்மை பூட்டிய அறையில், பாலித்தீன் உறையோடு, அடுத்த இன்ஸ்பெக்ஷனுக்காகத் தூங்கிக்கொண்டிருக்கட்டும். இதற்கு அது தேவையில்லை.

கேர் பிளான் காப்பி அடிப்பது புதிய நோய் இல்லை. எங்கள் காலத்தில் சீனியர் அக்காவின் நோட்டு விடுதியில் அறை அறையாகச் சுற்றும். அதில் இருந்த எழுத்துப்பிழைகூட வருடா வருடம் மாறாமல் வரும். இப்போது ஏஐ பிழையில்லாமல் எழுதிக்கொடுக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இருபது பக்கம் கேட்டால் இருபது பக்கமும் எங்கிருந்தாவது வரத்தான் செய்யும். யார் எழுதியது என்று துப்பறிவதில் உங்கள் நேரத்தை விடாதீர்கள். கேட்பதை மாற்றுங்கள். பல்கலைக்கழகம் கேட்கும் எண்ணிக்கையை லாக் புக்கில் முடிக்கத்தான் வேண்டும், அது ஒருபுறம் இருக்கட்டும். தினசரி வேலையாக அரைப் பக்கம் மட்டும் கேளுங்கள்: வார்டிலேயே, கையால், 11 மணிக்குள். நோயாளி தன் வாயால் சொன்ன ஒரு வாக்கியம், அதைத் தமிழிலேயே எழுதலாம். நீ கண்ணால் பார்த்த ஒரு மாற்றம். அதற்கு நீ செய்தது, யாரிடம் சொன்னாய். "ராத்திரி ஒன்னுக்குப் போக எந்திரிச்சா தலை சுத்துது" என்று ஒரு பாட்டி சொன்னதை ஏஐ எழுதித் தராது. பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குத்தான் கிடைக்கும். அந்த வாக்கியத்திலிருந்து பி.பி. மாத்திரை, எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்குவது, கட்டிலிலிருந்து விழும் ஆபத்து என்று உங்கள் பாடத்தை ஆரம்பித்துவிடலாம்.

போனைப் பற்றி ஒரே ஒரு கண்டிப்பு. நோயாளியின் பெயர், கேஸ் ஷீட் போட்டோ எதுவும் எந்தச் செயலியிலும் ஏறக்கூடாது. வாட்ஸ்அப் குரூப்பும் அதில் சேர்த்தி.

எடுபிடி வேலைக்கு வருவோம். லேபுக்கு ரத்தம் கொண்டுபோ, ஃபார்மசிக்கு இண்டெண்ட் (மருந்து கேட்கும் சீட்டு) கொண்டுபோ, எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டுபோ. உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த சிஸ்டரின் இடத்திலிருந்தும் பாருங்கள். வார்டு முழுவதையும் ஓரிரு பேராகச் சமாளிக்கும்போது 22 ஜோடிக் கைகள் சும்மா நிற்பது அவர் கண்ணை உறுத்தத்தான் செய்யும். சண்டை போட்டால் நாளை கேஸ் ஷீட்டையே தொட விடமாட்டார். பேரம் பேசுங்கள். "சிஸ்டர், காலை பி.பி., பல்ஸ், டெம்பரேச்சர், சுகர் சார்ட் முழு வார்டுக்கும் எங்கள் பொறுப்பு, 9 மணிக்குள் முடித்துத் தருகிறோம். அதற்குப் பதிலாக 11 வரை பிள்ளைகளை வெளியே அனுப்பாதீர்கள்." சொன்ன நேரத்துக்கு முடித்துக் கொடுத்தால் இது நடக்கும். எக்ஸ்ரேவுக்குப் போகவேண்டி வந்தால், தன் நோயாளியோடு மட்டும் போகட்டும். வந்ததும் எதற்காக எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

இனி, நீங்கள் மட்டும் செய்து தீராதது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பத்து மாணவருக்கு ஒரு ஆசிரியர், ஒரு மாணவருக்கு மூன்று நோயாளி. 22 பேருக்கு 66 கட்டில் வேண்டும். உங்கள் வார்டில் அத்தனை இருக்காது; இருந்தாலும் வேறு கல்லூரிப் பிள்ளைகளும் அங்கே நிற்பார்கள். முதல்வரிடம் "ஆள் பற்றவில்லை மேம்" என்று வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். ஒரு பக்கக் கடிதமாக, இந்த எண்களோடு, புகார் தொனி இல்லாமல், தேதி போட்டுக் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். புது ஆசிரியர் கேட்டால் மறுநாளே கிடைக்காது. அதனால் கிடைக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: 11 பேர் வார்டில், 11 பேர் வேறொரு டியூட்டரோடு ஸ்கில் லேபில், வாரம் மாற்றி வாரம். கிளினிக்கல் (வார்டுப் பயிற்சி) வருகை 100 சதவீதம் ஆகாமல் பட்டம் கிடைக்காது என்பதால், எந்த மணி நேரம் எதில் சேரும் என்று அட்டவணையில் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அதைச் சொல்லியே மறுத்துவிடுவார்கள்.

அந்தக் கடிதத்திலேயே இன்னொன்றையும் சேருங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். கடைசி ஊசிக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 22 பேரில் எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள் என்ற பட்டியல் உங்களிடம் இருக்கிறதா? நோயாளிக்குப் போட்ட ஊசி தவறித் தன் கையில் குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவவேண்டும், பிதுக்கக்கூடாது, வாயில் வைக்கக்கூடாது, உடனே சொல்லவேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. திட்டு விழும் என்று மறைத்துவிடுகிறார்கள். குத்திக்கொண்டு வந்தவளை என் முன்னால் யாரும் திட்டக்கூடாது என்று முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள்.

மயங்கி விழுந்த பெண்ணிடம் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டீர்களா? கல்லூரிப் பேருந்து கிளம்பும் நேரத்தில் விடுதியில் டிபன் தயாராக இருக்காது. வெறும் வயிறு, மாஸ்க், புழுக்கம், சீழ் வாடை எல்லாம் சேர்ந்தால் யாராக இருந்தாலும் விழுவார்கள். எட்டு மணிக்கு வரிசையில் நிற்கும்போதே "யார் சாப்பிடவில்லை?" என்று கேட்டு, ஐந்து நிமிடம் கொடுத்து இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட வையுங்கள். கண் இருட்டினால் வெட்கப்படாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்றும் சொல்லிவையுங்கள்.

நீங்கள் போடப்போகும் பட்டியலில் முதல் நாள் நான்கு பேரில் அவள் பெயர் இருக்கட்டும். டிரஸ்ஸிங் வேண்டாம். ஒரு பாட்டியின் பல்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே பார்க்கலாம்.