மாத்திரைக்கு 6,000, எஸ்.ஐ.பி.க்கு 5,000: 120 வயது வரை வாழ நினைப்பவரின் பணக் கணக்கு

கேள்வி: எனக்கு 43 வயது. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது 62,000. மனைவிக்கு 39, வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். மகள் ஒன்பதாம் வகுப்பு. வீட்டுக் கடன் மாதம் 17,000, இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. பி.எஃப்.பில் 11 லட்சம் சேர்ந்திருக்கிறது, என் பங்கும் கம்பெனி பங்குமாக மாதம் 9,000 போகிறது. மியூச்சுவல் ஃபண்டில் மாதா மாதம் போடும் எஸ்.ஐ.பி. 5,000. முதுமையைத் தள்ளிப்போடும் என்று நண்பர் ஒருவர் சொன்னதால் நானும் மனைவியும் என்.எம்.என். மாத்திரை எடுக்கிறோம், அதற்கு மாதம் 6,000 ஆகிறது. அந்த நண்பரே இப்போது, "இன்னும் இருபது வருஷத்தில் மனுஷன் 120 வயசு வாழப் போறான், இந்த மருந்து கம்பெனிகளோட அமெரிக்க ஷேரை இப்பவே வாங்கிப் போடு" என்கிறார். எஃப்.டி.யில் 4 லட்சம் இருக்கிறது. உடைத்துப் போடலாமா? போன வருஷம் கம்பெனி செக்கப்பில் ஹெச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரை) 6.1 வந்தது, மற்றபடி நலம். மருத்துவக் காப்பீடு கம்பெனி தரும் 3 லட்சம் மட்டும்தான்.

பதில்: எஃப்.டி.யை உடைக்காதீர்கள். தவணை, எஸ்.ஐ.பி., மாத்திரை போக மிஞ்சும் 34,000-தான் மகள் படிப்பு உட்பட வீட்டுச் செலவு, அதோடு கடன் தவணை 17,000, ஆக மாதம் 51,000. ஆறு மாதம் சம்பளம் வராமல் போனால் உங்களுக்கு 3 லட்சத்துக்கு மேல் வேண்டும். ஏற்றுமதித் தொழிலில் ஆர்டர் ஒரு சீசன் படுத்தால் என்ன ஆகும் என்று திருப்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த 4 லட்சம் அதற்கான பணம், அதை வைத்து ஷேர் வாங்கக் கூடாது.

அடுத்து உங்கள் நண்பரின் வாதம். அதில் ஒரு பாதி சரி. முதுமையை மெதுவாக்கலாம் என்பது இன்று வெறும் கதையில்லை. ராபமைசின் என்ற மருந்தை வயதான எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் ஆயுள் கூடியது என்று 2009-இல் ஆய்வு வெளியானது. அமெரிக்காவில் நடந்த கேலரி என்ற ஆய்வில், இரண்டு வருஷம் சாப்பாட்டைச் சுமார் 12% குறைத்துக்கொண்டவர்களுக்கு, முதுமை நகரும் வேகம் 2-3% குறைந்ததாக ஒரு ரத்தப் பரிசோதனை அளவுகோல் காட்டியது. இது மனிதர்களிடம் பார்த்தது, எலியிடம் இல்லை. ஆனால் நீங்கள் விழுங்கும் என்.எம்.என். மனிதனின் ஆயுளைக் கூட்டும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. செல்கள் ஆற்றல் உண்டாக்கப் பயன்படுத்தும் என்.ஏ.டி. என்ற பொருளின் அளவு ரத்தத்தில் ஏறுகிறது, அவ்வளவுதான். அந்த அளவு ஏறுவதும் பத்து வருஷம் கூட வாழ்வதும் ஒன்றல்ல.

ஷேர் விஷயத்துக்கு வருவோம். ஒரு ஆராய்ச்சி ஜெயிப்பது வேறு, அதை நம்பிப் பணம் போட்டவன் ஜெயிப்பது வேறு. சிவப்பு ஒயினில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் முதுமையைத் தடுக்கும் என்று ஒரு காலத்தில் உலகமே பேசியது நினைவிருக்கலாம். அதை வைத்து ஆராய்ச்சி செய்த சர்ட்ரிஸ் என்ற கம்பெனியை 2008-இல் கிளாக்ஸோஸ்மித்கிளைன் என்ற பெரிய மருந்து கம்பெனி 72 கோடி டாலர் கொடுத்து வாங்கியது, 2013-இல் அந்தப் பிரிவையே மூடியது. நூறு விஞ்ஞானிகளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு வாங்குபவனுக்கே அந்தக் கதி. யூனிட்டி பயோடெக்னாலஜி 2018-இல் ஒரு பங்கு 17 டாலருக்குச் சந்தைக்கு வந்தது. வயதான செல்களை உடம்பிலிருந்து நீக்கும் மருந்து என்று பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. 2020-இல் மூட்டுத் தேய்மானத்துக்கான அவர்களுடைய மருந்து சோதனையில் தோற்றதும் பங்கு ஒரே நாளில் பாதிக்கு மேல் விழுந்தது, பிறகு எழவே இல்லை, 2025-இல் கம்பெனியைக் கலைக்கவே முடிவு செய்துவிட்டார்கள். 2022-இல் 300 கோடி டாலரோடு தொடங்கிய ஆல்டோஸ் லேப்ஸ் போன்ற பெரிய முதுமை ஆராய்ச்சி நிறுவனங்களோ தனியார் முதலீட்டில் ஓடுகின்றன, நீங்களும் நானும் ஆப்பைத் திறந்து வாங்க முடியாது. நம் கைக்கு எட்டுவது பெரும்பாலும் மிச்சம் மீதிதான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. முதுமைக்கு எதிராக இன்று அதிகம் பேசப்படும் மருந்துகளில் ஒன்று மெட்ஃபார்மின், தெருமுனை மெடிக்கலில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் அதே சர்க்கரை மாத்திரை. முதுமையை அது தள்ளிப்போடுகிறதா என்று பார்க்க டேம் என்ற பெரிய சோதனையை அமெரிக்க விஞ்ஞானி நிர் பார்ஸிலாய் பல வருஷமாகத் திட்டமிட்டு வருகிறார். அதற்குப் பணம் திரட்டுவதே பெரும்பாடாக இருப்பதற்கு ஒரு காரணம், காப்புரிமை காலாவதியான மலிவு மருந்தில் யாருக்கும் லாபம் இல்லை என்பது. ஆக, நாளைக்கு நிஜமாகவே ஒரு மருந்து வேலை செய்தாலும் அது விலை மலிவானதாக, எல்லோருக்கும் கிடைப்பதாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆயுள் உங்களுக்குக் கூடும், ஷேர் வைத்திருப்பவருக்கு ஒன்றும் கூடாது.

அதனால் நண்பர் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். அவர் சொல்வது பலித்தால், நீங்கள் நிஜமாகவே 95 வரை இருந்தால், சாப்பாட்டுக்கு என்ன வழி?

மகள் படிப்புச் செலவைக் கழித்தால் இன்று உங்கள் இருவருக்கும் மாதம் 28,000 போதும் என்று வைத்துக்கொள்கிறேன். விலைவாசி வருஷம் 6% ஏறினால், உங்களுக்கு 58 ஆகும்போது இதே வாழ்க்கைக்கு 67,000 வேண்டும். 85 வயதில் 3,24,000. எழுத்துப் பிழை இல்லை, மாதம் மூன்றேகால் லட்சம். 58-இல் வேலையை விட்டுவிட்டு, கையில் இருப்பதை 8% வருமானம் தரும் இடத்தில் வைத்துச் செலவழித்தால், 78 வயது வரை ஓட்ட சுமார் 1.36 கோடி தேவை. 95 வரை என்றால் 2.17 கோடி. கூடுதலாகக் கிடைக்கும் 17 வருஷத்தின் விலை 81 லட்சம். நீண்ட ஆயுள் என்று விற்பவர்கள் யாரும் இந்த பில்லைக் காட்டுவதில்லை.

இப்போது அதே கணக்கில் ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள். 58-இல் நிறுத்தாமல் 63 வரை ஏதோ ஒரு வேலை செய்கிறீர்கள், பெரிய சம்பளம் வேண்டாம், அந்த ஐந்து வருஷத்து வீட்டுச் செலவுக்கு வந்தால் போதும், சேமித்ததைத் தொடாமல் இருந்தால் போதும். 95 வரை வாழ 58-இல் தேவைப்படும் தொகை 2.17 கோடியிலிருந்து 1.78 கோடிக்கு இறங்கிவிடுகிறது. கிட்டத்தட்ட 39 லட்சம் மிச்சம். எந்த மியூச்சுவல் ஃபண்டும் உங்களுக்கு இவ்வளவு சுலபமாக 39 லட்சம் தராது. முதுமையை மெதுவாக்குவதில் சாதாரண மனிதனுக்குப் பண லாபம் எங்கே என்று என்னைக் கேட்டால் இங்கேதான் என்பேன்: அறுபது வயதில் முழங்காலும் கண்ணும் மூளையும் வேலைக்குப் போகிற நிலையில் இருப்பது. கடைசியில் படுக்கையில் கூடும் பத்து வருஷம் செலவு, நடுவில் நடமாட்டத்தோடு கூடும் ஐந்து வருஷம் வரவு.

அந்த நிலைக்கு உங்களுக்குக் குறுக்கே நிற்பது எது என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள் அதைக் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஹெச்.பி.ஏ.1.சி. 6.1 என்பது "மற்றபடி நலம்" கணக்கில் வராது, சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, ஆனால் சர்க்கரை நோய் ஒரு குடும்பத்தின் சேமிப்பை எப்படிக் கரைக்கும் என்று பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், இப்படி வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் பின்தொடர்ந்தார்கள். சாப்பாடு, நடை இரண்டையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் ஆபத்து 28.5% குறைந்தது. மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கு 26.4%. நம் ஊர் மனிதர்களை வைத்து, நம் ஊர் சாப்பாட்டை வைத்துச் செய்த ஆய்வு இது. மாதம் 6,000 கொடுத்து என்.எம்.என். வாங்குகிறீர்கள், ஆனால் அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. இந்த வாரமே போங்கள். மாத்திரையை நிறுத்துவதையும் அவரிடமே சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

நிறுத்தினால் மிஞ்சும் 6,000 என்ன ஆகும்? 10% வருமானம் என்று வைத்தால் 15 வருஷத்தில் சுமார் 25 லட்சம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இன்றைய மதிப்பில் அது பத்து லட்சத்துக்குச் சற்று மேல்தான். இதைச் சொல்லாமல் வெறும் 25 லட்சம் என்று காட்டும் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அதனால்தான் பழைய 5,000-ஓடு இந்த 6,000-ஐயும் சேர்த்துச் சும்மா 11,000 எஸ்.ஐ.பி. போட்டுவிட்டு மறந்துவிட வேண்டாம் என்கிறேன். சம்பள உயர்வு வரும் மாதமே அதை 10% ஏற்றுங்கள். ஏற்றாமல் விட்டால் 15 வருஷத்தில் சுமார் 46 லட்சம், வருஷா வருஷம் ஏற்றினால் சுமார் 81 லட்சம். நாட்டின் 50 பெரிய கம்பெனிப் பங்குகளை அப்படியே வாங்கும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்று, அதோடு பெரிய, சிறிய கம்பெனிகள் எதிலும் போடும் ஏதாவது ஒரு ஃப்ளெக்ஸிகேப் ஃபண்ட், இவ்வளவு போதும். பி.எஃப். இப்போது போவது போலவே 8% அளவில் வளர்ந்தால் சுமார் 66 லட்சம். 53-இல் வீட்டுக் கடன் முடிந்ததும் அந்த 17,000-ஐ அப்படியே எஸ்.ஐ.பி.யில் திருப்பினால் இன்னொரு 13 லட்சம். கூட்டினால் 1.6 கோடி. தேவை 1.78 கோடி. சம்பளம் ஏற ஏற பி.எஃப். தொகையும் ஏறும், அந்த இடைவெளி பெரும்பாலும் அதிலேயே அடைபடும். மகள் கல்யாணத்துக்கென்று பி.எஃப்.பில் கை வைக்காத வரை. அவள் கல்லூரிச் செலவுக்குத் தேவைப்பட்டால் கல்விக் கடன் வாங்குங்கள், முதுமைக்குக் கடன் தரும் வங்கி இல்லை.

கிரேஸ் குரோனர் என்று சிகாகோ பக்கத்தில் ஒரு அம்மா இருந்தார். அபாட் மருந்து கம்பெனியில் செயலாளர் வேலை. 1935-இல் அந்தக் கம்பெனியின் மூன்று பங்குகளை 180 டாலருக்கு வாங்கினார், விற்கவில்லை, வந்த டிவிடெண்டையும் திரும்ப அதிலேயே போட்டார். 2010-இல் நூறு வயதில் இறந்தபோது அது 70 லட்சம் டாலர், தான் படித்த கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். வருஷத்துக்குச் சுமார் 15% வளர்ச்சி என்று வருகிறது. நல்ல வளர்ச்சிதான், அதிசயம் இல்லை. அந்தப் பணத்தைப் பெருக்கியது 75 வருஷம். ஒரே கம்பெனியில் போட்டதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அதே போல் போட்டுத் தொலைத்தவர்களின் கதை செய்தியில் வராது. ஆனால் அவர் ஆயுளை நம்பி எதையும் வாங்கவில்லை, வாங்கியதற்கு ஆயுளைக் கொடுத்தார்.

எதிர்ப்பக்கமும் ஒரு கதை உண்டு. பிரான்ஸில் ழான் கால்மோன் என்ற 90 வயதுப் பாட்டியிடம் 1965-இல் ஒரு வக்கீல் ஒப்பந்தம் போட்டார்: பாட்டி இருக்கும் வரை மாதம் 2,500 பிராங்க் தருவேன், அதற்குப் பிறகு வீடு எனக்கு. வக்கீலுக்கு அப்போது 47. முப்பது வருஷம் கொடுத்துக்கொண்டே இருந்து, வீட்டு விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து, 1995-இல் அவர் இறந்தார். பாட்டி 1997 வரை இருந்தார், வயது 122. மீதித் தவணையை வக்கீலின் மனைவி கட்டினார். பாட்டி செய்தது இன்று நாம் ஆன்யூட்டி என்று சொல்வதுதான், நீண்ட ஆயுளின் ஆபத்தை அடுத்தவர் தலையில் வைப்பது. உங்கள் நண்பரின் ஆரூடத்துக்கு எதிரான சரியான காப்பு இதுவே, ஷேர் அல்ல. ஆனால் 58-இலேயே ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு மொத்தத்தையும் அதில் போடாதீர்கள். பெரும்பாலான ஆன்யூட்டிகளில் மாதத் தொகை விலைவாசியோடு ஏறாது, வயது கூடி வாங்கினால் அதே பணத்துக்குக் கூடுதல் தொகை கிடைக்கும். 70-ஐ நெருங்கும்போது மூன்றில் ஒரு பங்கை மட்டும், உங்களுக்குப் பிறகு மனைவிக்கும் தொடரும்படி வாங்குங்கள்.

காப்பீடு பற்றிச் சுருக்கமாக. கம்பெனி காப்பீடு வேலையோடு போய்விடும். குடும்பத்துக்குச் சொந்தமாக 10 லட்சத்துக்கு ஒரு ஃப்ளோட்டர் (எல்லோருக்கும் பொதுவான ஒரே மருத்துவக் காப்பீடு) இப்போதே எடுங்கள், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. விண்ணப்பத்தில் 6.1-ஐ மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருஷம்தான், 46-இல் அது கடந்துபோயிருக்கும். மறைத்தால் க்ளெய்ம் நிற்காது. டெர்ம் இன்ஷூரன்ஸ், அதாவது நீங்கள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு, இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, இல்லையென்றால் 60 வயது வரைக்கும் ஒரு கோடிக்கு எடுங்கள், சர்க்கரை கூடினால் பிரீமியமும் கூடும்.

கடைசியாக, இந்தக் கணக்கெல்லாம் உங்கள் வயதை வைத்துப் போட்டது. மனைவி உங்களைவிட நான்கு வயது சின்னவர், பெண்கள் பொதுவாக ஆண்களைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள். நீங்கள் 85-இல் போனாலும் அவர் அதற்குப் பின் பத்து வருஷத்துக்கு மேல் தனியாக இருக்க நேரலாம், அப்போது வீட்டுப் பத்திரம் யார் பெயரில், நாமினி யார், எந்தப் பணம் எங்கே என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தையல் வருமானத்திலிருந்து மாதம் 2,000 என்றாலும் சரி, அவர் பெயரிலேயே ஒரு பி.பி.எஃப். கணக்கு தொடங்குங்கள். பாஸ்புக் அவரிடமே இருக்கட்டும்.