தொடை நரம்பு சுருட்டல், கால் வீக்கம்: செட்டிநாட்டு வாசகர் கேள்விகளுக்குப் பதில்

காரைக்குடி, கல்யாண சமையல் மாஸ்டர்: நாள் முழுக்க அடுப்படியில் நிக்கிற வேலை. உள்தொடையில நரம்பு சுருண்டு புடைச்சிருக்கு. லேசர் வச்சு அடைக்கணும்கிறாங்க. அடைச்சுட்டா ரத்தம் எப்படி மேலே ஏறும்?

மாஸ்டர், புடைத்திருப்பது பெரும்பாலும் தோலுக்கடியில் ஓடும் பெரிய சஃபீனஸ் சிரை (சிரை என்றால் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்). உள்கணுக்காலுக்கு முன்னால் கிளம்பி, உள்தொடை வழியே ஏறி, கவட்டியில் தொடைச் சிரையோடு சேர்கிறது. அங்கே வால்வு பழுதானால் ரத்தம் கீழே திரும்பும், குழாய் சுருளும். கால் ரத்தத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் ஏறுவது ஆழச் சிரைகளில்தான். அவை சீராக இருப்பதை டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்த்துவிட்டால் தைரியமாகச் செய்துகொள்ளலாம்.

தேவகோட்டை: ஆச்சிக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி மூணாவது வாரம். இடது கால் மட்டும் தொடைவரை வீங்கிக் கனக்குது. தைலம் போட்டு உருவி விடலாமா?

உருவவே கூடாது, அண்ணே. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஆபரேஷன், படுக்கை இரண்டும் சேர்ந்து தொடைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். உருவினால் அந்தக் கட்டி பெயர்ந்து, கீழ்ப் பெருஞ்சிரை, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலில் போய் அடைக்கும். உயிருக்கே ஆபத்து.

இடது காலில் இது கூடுதலாக வருவதற்குக் காரணம் உண்டு. இடப்பக்க இலியாக் சிரையின்மேல் (இடுப்புக்குள் ஓடும் பெரிய சிரை) வலப்பக்க இலியாக் தமனி குறுக்கே போய், அதை முதுகெலும்போடு வைத்து அழுத்துகிறது.

முட்டிக்குக் கீழுள்ள எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறக்கி, இரண்டு கெண்டைக்காலையும் டேப்பால் அளந்தால் 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் சந்தேகத்தைக் கூட்டும். வித்தியாசம் குறைவு என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108.

பள்ளத்தூர், நர்சிங் மாணவி: இடுப்பு, தொடை ரத்தம் போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லுங்க சார்.

பிட்டத் தசைகளிலிருந்து மேல், கீழ் குளூட்டியல் சிரைகள் உள் இலியாக்கில் சேரும். தொடைத் தசைகளிலிருந்து ஆழ்தொடைச் சிரை தொடைச் சிரைக்கு வரும். கவட்டித் தசைநாரைத் தாண்டினால் அதுவே வெளி இலியாக். உள்ளும் வெளியும் கூடிப் பொது இலியாக். இரு பக்கத்துப் பொது இலியாக்கும் 5ஆம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் கூடிக் கீழ்ப் பெருஞ்சிரை.

குன்றக்குடி: நரம்பு சுருட்டலோடு தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கலாமா?

புண்ணோ புது வீக்கமோ இல்லையென்றால் நடங்கள். எட்டு வைக்கும்போதெல்லாம் கெண்டைக்கால் சதை பிழிந்து ரத்தத்தை மேலேற்றும்; நின்றுகொண்டே இருப்பதுதான் கெடுதல். ராத்திரி காலைத் தலையணைமேல் உயர்த்திப் படுங்கள். சுருண்ட நரம்பு வெடித்து ரத்தம் பீறிட்டால் உடனே படுத்து, காலைத் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தையே அழுத்திப் பிடியுங்கள். தொடையில் கயிறு கட்ட வேண்டாம்.