நெடுஞ்சாலை பளிச், தெருவில் முழங்கால் பனி

கேள்வி: கனடாவில் ஒன்டாரியோ பக்கம் இருக்கிறாள் என் மகள். பனி கொட்டிய மறுநாளே 401 நெடுஞ்சாலையில் தார் தெரிகிறதாம். அவள் தெருவில் மட்டும் இரண்டு நாளாகியும் முழங்கால் பனி. ஏன் இந்த ஓரவஞ்சனை?
- வாசகி, திருமங்கலம்

பதில்: எல்லைச் சாலைப் பணியில், காஷ்மீரையும் லடாக்கையும் இணைக்கும் சோஜிலா கணவாயில் பனி வழிக்கும் டோசர் ஓட்டியவன் நான். அங்கே இருப்பது ஒரே சாலை. சோனாமார்க் பக்கமிருந்து நாங்கள், திராஸ் பக்கமிருந்து இன்னொரு குழு என்று பனியை வெட்டிக்கொண்டே வந்து நடுவில் கை குலுக்குவோம். எது முதலில் என்ற சண்டைக்கே இடமில்லை. உங்கள் மகள் ஊரில் அந்தச் சண்டை உண்டு.

முதலில், 401 மாகாண அரசின் சாலை. அவள் தெரு நகராட்சியுடையது. வண்டியும் வேறு, ஆளும் வேறு. போக்குவரத்தைப் பார்த்து மாகாணச் சாலைகளை வகுப்பு பிரித்திருக்கிறார்கள்; 401 அதில் முதல் வகுப்பு. பனி நின்று 8 மணி நேரத்துக்குள் தார் தெரிய வேண்டும் என்பது இலக்கு. இரண்டாம் வகுப்புக்கு 16, மூன்றாவதுக்கு 24 மணி நேரம். போக்குவரத்து குறைந்த கடைசி வகுப்பில் பனியை அழுத்திச் சமமாக்கிவிட்டாலே போதும்.

நகராட்சியும் வரிசை வைத்திருக்கும். நம்மூரில் புயல் மழையில் மரம் விழுந்தால் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியைத்தானே முதலில் வெட்டிவிடுகிறோம்? அதே கணக்குதான். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போகும் வழி, பஸ் ரூட், ஏற்ற இறக்கம். அப்புறம்தான் குடியிருப்புத் தெரு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பனி விடாமல் கொட்டினால், வழித்த பெரிய சாலை மறுபடி மூடிக்கொள்ளும். வண்டி அங்கேயே திரும்ப ஓடும். உள்தெருவின் முறை தள்ளிக்கொண்டே போகும். இது ஓரவஞ்சனை இல்லை.

உப்பு போட்டால் உருகாதா என்பீர்கள். குளிர் மைனஸ் 12, 15 என்று இறங்கினால் தூத்துக்குடி உப்பு மொத்தத்தையும் கொட்டினாலும் பெரிதாகப் பலனில்லை. அப்போது மணல்தான். அது பனியை உருக்காது, டயருக்குப் பிடிமானம் தரும்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். வாசல் பனியை வாரும்போது, தெருவைப் பார்த்து நின்று வலது பக்கமே குவிக்கட்டும். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால், பனி வழிக்கும் லாரி அவளுக்கு இடமிருந்து வலமாகத்தான் போகும். இடப்பக்கம் குவித்தால் அத்தனையையும் வாசலிலேயே தள்ளிவிட்டுப் போவான். லாரி போகும்முன் அவசரப்பட்டு வாரினால், இரண்டாம் முறையும் வார வேண்டியதுதான். மருமகனிடம் சொன்னால் இன்னும் நல்லது.