1,500 வீட்டு இணைப்புகளுக்கு எந்த ரூட்டர் தாங்கும்?

கேள்வி: கேபிள் டிவி தொழிலோடு நான்கு வருடமாக ஃபைபர் இணைய இணைப்பும் கொடுத்து வருகிறேன். 900 வீடுகள். எல்லாம் பிபிபிஓஇ (வீடு ஒவ்வொன்றும் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து ஏறும் முறை), நாட் (ஒரு பொது ஐபியைப் பல வீடுகள் பகிரும் முறை) வழியாகத்தான். இரவு உச்ச நேரத்தில் 1.8 ஜிபிபிஎஸ் போகிறது. அப்போது ரூட்டரின் சிபியு 90 சதவீதத்தைத் தொடுகிறது. கரண்ட் போய் வந்தால் எல்லா வீடுகளும் மறுபடி இணைய அரை மணி நேரம் ஆகிறது. அடுத்த வருடம் 1,500 வீடுகள் வரும். மைக்ரோடிக் கம்பெனியின் சிசிஆர்2004 ரூட்டர் போதும், 12 பத்து ஜிபி போர்ட் இருக்கிறது என்கிறார் கடைக்காரர். சிசிஆர்2116 தான் வேண்டும் என்கிறார் நண்பர். எதை வாங்குவது?

பதில்: நண்பர் சொல்வது சரி. சிசிஆர்2116 வாங்குங்கள். ஆனால் அதற்கு முன்னால் இப்போதுள்ள ரூட்டரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பெட்டியிலும் அதே தொல்லை வரும்.

போர்ட் எத்தனை என்பதை வைத்து ரூட்டர் வாங்குவதுதான் நம் தொழிலில் அதிகம் நடக்கும் தவறு. இணையத் தகவல் பாக்கெட் என்னும் சின்ன மூட்டைகளாகத்தான் வரும். ரூட்டருக்கு மூட்டையின் எடை கணக்கில்லை, எத்தனை மூட்டை என்பதுதான் கணக்கு. 1 ஜிபிபிஎஸ் வேகத்தில் 1,500 பைட் பாக்கெட்டாக வந்தால் விநாடிக்குச் சுமார் 81,000. அதே வேகம் 64 பைட் பாக்கெட்டாக வந்தால் 14.88 லட்சம். வீட்டு இணைப்பில் இரண்டும் கலந்துதான் வரும். வருகிற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பிபிபிஓஇ தலைப்பைக் கழற்றி, இணைப்புப் பட்டியலில் தேடி, நாட் முகவரியை மாற்றி, பிறகு அந்த வீட்டின் கியூவில் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் வரிசையில்) போட வேண்டும். இத்தனையும் சிபியு செய்கிற வேலை.

மைக்ரோடிக் தன் தளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் சோதனை அட்டவணை கொடுத்திருக்கிறது. எல்லாரும் மேலே இருக்கும் ஃபாஸ்ட் பாத் (இந்த வேலைகளைத் தாண்டிப் போகும் குறுக்கு வழி) எண்ணைப் பார்த்து மயங்குகிறார்கள். நீங்கள் 25 ஃபில்டர் ரூல் (பாக்கெட்டைச் சோதிக்கும் விதி) வரிசையில் 512 பைட் எண்ணைப் பாருங்கள். பிபிபிஓஇயும் நாட்டும் அந்தச் சோதனையில் இல்லை என்பதால் நான் அதையும் பாதியாக்கித்தான் கணக்குப் போடுவேன். ஃபாஸ்ட் ட்ராக் போட்டு சிபியுவைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சிம்பிள் கியூவைத் தாண்டிப் போய்விடும். 50 எம்பிபிஎஸ் கட்டணம் கட்டியவருக்கு வேகக் கட்டுப்பாடே இருக்காது.

உங்கள் கணக்குப்படி வீட்டுக்கு 2 எம்பிபிஎஸ். 1,500 வீட்டுக்கு 3 ஜிபிபிஎஸ். கிரிக்கெட் இரவுகளையும் சேர்த்தால் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிசிஆர்2004இல் இருப்பது 4 கோர், 4 ஜிபி மெமரி. பல ஊர் ஃபைபர்களை ஓரிடத்தில் சேர்த்து அனுப்ப அது நல்ல பெட்டி. ஆனால் நாட், கியூ, பிபிபிஓஇ மூன்றையும் இந்த அளவில் அதன் தலையில் ஏற்றக் கூடாது. சிசிஆர்2116இல் 16 கோர், 16 ஜிபி மெமரி. நான்கே பத்து ஜிபி போர்ட்தான், உங்களுக்கு அது தாராளம். லைசென்ஸ் இரண்டிலும் லெவல் 6, இணைப்பு எண்ணிக்கைக்கு வரம்பில்லை. சின்ன மாடல்களில்தான் கவனம் வேண்டும்: லெவல் 4 என்றால் 200 பிபிபிஓஇ, லெவல் 5 என்றால் 500.

இப்போதுள்ள பெட்டியும் ரூட்டர்ஓஎஸ் (மைக்ரோடிக்கின் மென்பொருள்) ஆக இருந்தால் இன்று இரவு 9 மணிக்கு ப்ரொஃபைல் கருவியில் கோர் வாரியாகப் பாருங்கள். ஒரு கோர் மட்டும் 100இல் நின்று மற்றவை சும்மா இருந்தால், எல்லாக் கியூவையும் ஒரே பேரன்ட் (தாய்) கியூவுக்குக் கீழே வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படி வைத்தால் வேலை முழுக்க ஒரே கோரில் குவியும்; 16 கோர் வாங்கியும் பயனில்லை.

கரண்ட் போய் வந்தால் ஆகும் அரை மணி நேரத்துக்கு நாட் ரூலில் இருக்கும் மாஸ்கரேட் (பொது ஐபியைத் தானே பார்த்துப் போடும் அமைப்பு) காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு பிபிபிஓஇ இணைப்பும் ஏறும்போதும் இறங்கும்போதும் அது இணைப்புப் பட்டியலை மறுபடி சரிபார்க்கும். 900 வீடு ஒன்றாக ஏறி இறங்கினால் சிபியு திணறிப்போகும். பொது ஐபி உங்களுக்கு நிலையானதுதானே? மாஸ்கரேட்டை எடுத்துவிட்டு அந்த ஐபியைக் குறிப்பிட்டு எஸ்ஆர்சி-நாட் போடுங்கள். ரேடியஸ் சர்வர் (யூசர்நேம், பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது) அதே ரூட்டருக்குள் ஓடினால் தனிக் கணினிக்கு மாற்றுங்கள். அப்புறம், ஐபிவி6 (நாட் தேவைப்படாத புது முகவரி முறை) கொடுங்கள். யூடியூப், ஃபேஸ்புக் எல்லாம் அதில் போய்விடும், நாட் சுமையும் நாட் லாக்கும் (யார் எந்த ஐபியில் போனார் என்ற பதிவு) கண்கூடாகக் குறையும்.

பழைய ரூட்டரை விற்றுவிடாதீர்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். எவ்வளவு நல்ல பெட்டியும் ஒருநாள் நிற்கும். அன்று 1,500 வீட்டுப் போனையும் நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஓஎல்டியிலிருந்து (வீட்டு ஃபைபர்கள் வந்து சேரும் பெட்டி) வரும் அதே விலானில் (தனியாகப் பிரித்த நெட்வொர்க்) இரண்டு ரூட்டரிலும் பிபிபிஓஇ சர்வரை ஓடவிடுங்கள். வீட்டு ஓஎன்யூ (வீட்டில் இருக்கும் ஃபைபர் பெட்டி) கூப்பிடும்போது எது முதலில் பதில் சொல்கிறதோ அதில் ஏறிக்கொள்ளும். ஒன்று நின்றால் மற்றது எடுத்துக்கொள்ளும். ஐபி பூலும் (வீடுகளுக்குக் கொடுக்கும் ஐபி தொகுப்பு) நாட் பொது ஐபியும் இரண்டுக்கும் தனித்தனியாக இருக்கட்டும். உச்ச நேரத்தில் பழையது தனியாக எல்லாரையும் தாங்காது, வேகம் குறையும். ஆனாலும் நெட் இருக்கும்.

சிசிஆர்2116இல் இரண்டு பவர் சப்ளை உண்டு. இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் சொருகாதீர்கள், தனித்தனி யுபிஎஸ் வேண்டும். ஓஎல்டிக்கும் ரூட்டருக்கும் நடுவில் செம்புக் கேபிள் இருந்தால் ஃபைபருக்கு மாற்றுங்கள். இடி விழுந்தால் அந்த வழியாகத்தான் போர்ட் போகும். எல்லாம் அமைத்த பிறகு, விடிகாலை 4 மணிக்கு புது ரூட்டரின் கரண்டைப் பிடுங்கி, எத்தனை நிமிடத்தில் எத்தனை வீடு பழையதில் ஏறுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.